புனிதவதி என்ற பெயர்: காரைக்கால் அம்மையார் வரலாறு



பங்குனி மாதத்துச் சுவாதி நட்சத்திரம் காரைக்கால் அம்மையாரின் குருபூசைத் தினமாகும். இதனை முன்னிட்டு அம்மையாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டனர். நான் சமயப் பேச்சாளன் அல்லன், கணக்காளன். ஆலயத்தின் வருட வரவு செலவுக் கணக்கைத் தவிர வேறு எதனையும் இம்மலரில் இதுவரை எழுதியதும் இல்லை. ஆயினும் ஒரு காரணத்தினால் உடனே ஒத்துக்கொண்டேன். அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனது தாயாரின் பெயர் புனிதவதி. ஊரில் எல்லோருக்கும் அவர் புனிதம் அக்கா, பின்னர் புனிதம் மாமி. நான் கனடாவுக்கு வந்து எனது அகதி விண்ணப்பம் விசாரணையில் இருந்த காலத்தில் அம்மா ஊரில் காலமானார். மூத்த மகனாகிய நான் கொள்ளி வைக்கப் போகமுடியவில்லை. சில காலத்தின் பின் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. எண் சாத்திரம் பார்க்கவில்லை, எழுத்துப் பார்க்கவில்லை. அம்மாவின் பெயரையே வைத்தோம்.

இன்று அவளுக்குப் பதின்மூன்று வயது. பாடசாலையில் முழுப்பெயர் எவருடைய வாயிலும் நுழையாததால் அதனைப் 'புனி' என்று குறுக்கினார்கள். ஆங்கிலத்தில் அந்த எழுத்துக்களைப் 'பியூனி' என்று வாசிப்பார்கள். அப்படி வாசித்தால் நோஞ்சான், அற்பம் என்று பொருள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? சென்ற வருடம் ஒருநாள் மகள் பெயர் மாற்ற விண்ணப்பப் படிவத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தாள். அதற்கு முன்பாக ஒரேயொரு கேள்வி கேட்டாள். இந்தப் பெயருக்கு என்ன பொருள், முதன்முதல் யாருக்கு இது இருந்தது என்பதே அவள் கேள்வி. அப்பம்மாவின் பெயர் என்று சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பல்கலைக்கழகம் வரை படித்தவன், எனது தாயின் பெயருக்குப் பொருள் சொல்ல முடியாமல் நின்றேன். அதன் பின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

பெயரின் பொருள்

புனிதம் என்பது வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்து நிலைத்துவிட்ட சொல். தூய்மைப்படுத்துதல் என்ற பொருளுடைய 'பூ' என்ற வினையடியிலிருந்து அது பிறந்தது. (நாம் சூடும் பூவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) அதே அடியிலிருந்து பிறந்த வேறு சில சொற்களும் எமக்குப் பழக்கமானவையே. கிரியைகளின்போது குருக்கள் எமது மோதிர விரலில் இடுகின்ற தர்ப்பைப் பவித்திரம் அவற்றுள் ஒன்று. காற்றுக்குப் பவனன் என்றும் நெருப்புக்குப் பாவகன் என்றும் பெயர் வந்ததும் இதனாலேயே. இரண்டும் அழுக்கை நீக்குவன அல்லவா?

'வதி' என்பது உடையவள் என்னும் பொருளைத் தருகின்ற பெண்பால் விகுதி. கலைகளை உடையவள் கலாவதி. அப்பர் சுவாமிகளின் தமக்கையார் திலகவதியார். அவ்வாறே தூய்மையை உடையவள் புனிதவதி. நோஞ்சான் என்ற பொருளுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எமது கடமை.

இப்பெயரை எமக்குத் தந்த நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பாடிய பெரியபுராணம். அம்மையாரின் சொந்தப் பாடல்களில் இப்பெயர் ஓரிடத்திலும் இல்லை. அது ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

வணிகர் வீட்டுப் பிள்ளை

சோழ நாட்டுக் கடற்கரையில் காரைக்கால் என்ற துறைமுகப் பட்டினம். இன்று அது இந்தியாவின் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே வணிகர் தலைவராக விளங்கியவர் தனதத்தன். அவருக்கு ஒரே மகள் புனிதவதியார். நாகப்பட்டினத்தில் நிதிபதி என்ற பெருவணிகர் இருந்தார். அவருடைய மகன் பரமதத்தனுக்கு அவரை மணம் முடித்துக் கொடுத்தார்கள்.

இந்தப் பெயர்களையும் சற்றுக் கவனியுங்கள். தத்தன் என்றால் தரப்பட்டவன். நிதிபதி என்றால் செல்வத்துக்குத் தலைவன். தகப்பனார் பெயரில் தனம், மாமனார் பெயரில் நிதி. பணம் புழங்கும் வீடுகள் இரண்டுக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயரில் மட்டும் தூய்மை இருக்கிறது.

ஒரே பிள்ளையைப் பிரிய மனமில்லாத தனதத்தன், மகளை நாகப்பட்டினத்துக்கு அனுப்பவில்லை. காரைக்காலிலேயே தனி வீடு அமைத்துக் கொடுத்து, நிறைந்த பொருளும் கொடுத்தார். மருமகன் அதனை முதலாக வைத்து வாணிபத்தைப் பெருக்கினார். புனிதவதியார் இல்லறத்தை நடத்தினார். சிறு வயது முதலே சிவனிடத்தில் அன்பு பூண்டவர் ஆதலால், வீடு தேடி வந்த சிவனடியார்களுக்கு அமுதும் வேண்டிய பொருளும் கொடுத்து உபசரித்தார்.

இரண்டு மாம்பழங்கள்

ஒருநாள் பரமதத்தனைக் காண வந்த சிலர் இரண்டு மாம்பழங்களைக் கொடுத்தார்கள். அவர் அவற்றை வீட்டுக்கு அனுப்பி வைத்தார். சற்று நேரத்தில் பசியோடு ஒரு சிவனடியார் வாசலில் வந்து நின்றார். அப்போது வீட்டில் சோறு மட்டுமே வெந்திருந்தது. கறி இன்னும் ஆகவில்லை. அடியாரைக் காக்க வைக்க மனமின்றி, புனிதவதியார் சோற்றுடன் அந்த மாம்பழங்களில் ஒன்றை வைத்துப் படைத்தார். அடியார் உண்டு மகிழ்ந்து சென்றார்.

நண்பகலில் பரமதத்தன் வந்து நீராடி உணவருந்த அமர்ந்தார். மிகுதியாக இருந்த பழத்தை அம்மையார் இலையில் வைத்தார். பழம் மிகவும் சுவையாக இருக்கவே, மற்றதையும் கொண்டுவரும்படி கணவர் கேட்டார்.

எனது தொழில்மொழியில் சொன்னால், வரவு இரண்டு, செலவு ஒன்று, இருப்பு ஒன்று. அந்த இருப்பும் இப்போது தீர்ந்துவிட்டது. இரண்டாவது பழத்தை அடியாருக்குக் கொடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விடயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அம்மையார் அதனைக் கொண்டுவருபவர் போல உள்ளே போய் இறைவனை நினைந்து நின்றார். கையில் ஒரு கனி வந்தது. அதனைக் கொண்டுவந்து கணவருக்குப் படைத்தார்.

அந்தப் பழத்தின் சுவை இந்த உலகத்துச் சுவையாக இருக்கவில்லை. இது எங்கே கிடைத்தது என்று பரமதத்தன் கேட்டார். அம்மையார் தடுமாறினார். இறைவன் தனக்குச் செய்த அருளை வெளியில் சொல்வது முறையல்ல. கணவனிடம் மறைப்பதும் முறையல்ல. முடிவில் உள்ளதை உள்ளபடியே சொன்னார். கணவர் நம்பவில்லை. அப்படியானால் இன்னொரு பழம் வரவழைத்துக் காட்டும்படி கேட்டார். அம்மையார் மீண்டும் வேண்டினார். மீண்டும் ஒரு பழம் வந்தது. பரமதத்தன் அதனைக் கையில் வாங்கினார். வாங்கிய உடனேயே அது மறைந்து போயிற்று.

அந்தக் கணத்தில் அவருக்கு ஏற்பட்டது கோபம் அல்ல, பயம். தன்னோடு குடும்பம் நடத்துவது மனிதப் பெண் அல்ல, ஒரு தெய்வம் என்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அன்று தொடக்கம் ஒரே வீட்டில் இருந்தும் மனத்தால் விலகியே வாழ்ந்தார்.

கப்பலேறிப் போனவர்

பரமதத்தன் கெட்டவர் அல்லர் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர் செய்த காரியத்தின் பாரம் முழுவதையும் சுமந்தவர் அம்மையார். கடல் வாணிபத்துக்குப் போவதாகச் சொல்லி, கப்பல் ஒன்றை அமைத்து, சரக்கேற்றிக்கொண்டு பரமதத்தன் புறப்பட்டார். நிறையப் பொருள் ஈட்டினார். ஆனால் காரைக்காலுக்குத் திரும்பவில்லை. பாண்டி நாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் இறங்கி, அங்கே ஒரு வணிகரின் மகளை மணம் முடித்துத் தொழில் நடத்தினார். பழைய கதை எவருக்கும் தெரியாதபடி பார்த்துக்கொண்டார்.

இங்கே காரைக்காலில் அம்மையார் அதே வீட்டில், அதே இல்லறத்தைக் குறைவின்றி நடத்திக்கொண்டு, கணவர் வருவார் என்று காத்திருந்தார். செய்தி இல்லாமல் காத்திருப்பது என்றால் என்ன என்பதை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

பாண்டி நாட்டில் பரமதத்தனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு அவர் வைத்த பெயர் புனிதவதி.

தான் விட்டு ஓடிவந்த மனைவியின் பெயரை, இரண்டாம் மனைவி பெற்ற பிள்ளைக்கு வைக்கிறார். வெறுத்து வந்தவர் இப்படிச் செய்யமாட்டார். தெய்வமாக நினைத்தவரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவது எமது மரபு. இன்று நாம் முருகனின் பெயரையும் அம்பாளின் பெயரையும் இடுவது போலத்தான். ஆகவே இந்தத் திருநாமத்தை ஒரு பக்தியின் பெயராகப் பிள்ளைக்குச் சூட்டிய முதல் தகப்பனாக நாம் அறிவது இந்தப் பரமதத்தனையே.

பெயர் கைமாறிய நாள்

கணவர் பாண்டி நாட்டில் இருக்கும் செய்தி காலப்போக்கில் காரைக்காலுக்கு எட்டியது. சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றிக்கொண்டு அந்தப் பட்டினத்துக்குப் போனார்கள். ஊருக்கு வெளியே ஒரு சோலையில் தங்கி, பரமதத்தனுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

அவர் அஞ்சியபடியே வந்தார். தனியாக வரவில்லை, இரண்டாம் மனைவியையும் சின்னப் புனிதவதியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர் நேரே அம்மையாரின் காலடியில் விழுந்து வணங்கினார். அவருடைய அருளினால் தான் வாழ்வதாகவும், இந்தக் குழந்தைக்கு அவருடைய பெயரையே இட்டிருப்பதாகவும் கூறினார். அம்மையார் அஞ்சி ஒதுங்கி நின்றார். மனைவியை வணங்குவது என்ன முறை என்று உறவினர் கேட்டனர். இவர் மானிடர் அல்லர், பெருந்தெய்வம். நீங்களும் வணங்குங்கள் என்ற கருத்தில் பரமதத்தன் விடை சொன்னார்.

அந்தச் சோலையில் அம்மையார் நின்ற நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். தகப்பன் கொடுத்த சீதனமும் வீடும் கணவனுக்காக. உடலின் அழகைத் தாங்கியிருந்ததும் கணவனுக்காக. அந்தக் கணவன் இப்போது காலில் விழுந்து கிடக்கிறான். மனைவி என்ற உரிமை போயிற்று. பெயர்கூடத் தனக்கே உரியதாக இல்லை. அதைச் சுமக்க ஒரு குழந்தை எதிரே நிற்கிறது.

அம்மையார் அழவில்லை, சபிக்கவில்லை. இவனுக்காகத் தாங்கிய இந்தத் தசைப் பொதியை நீக்கி, உன் திருவடியைப் போற்றி நிற்கும் பேய் வடிவத்தை எனக்குத் தா என்று இறைவனை வேண்டினார். அவ்வாறே ஆயிற்று. அழகு உதிர்ந்தது. எலும்பும் தோலுமான உருவம் மட்டும் நின்றது. சுற்றத்தார் அஞ்சி வணங்கி அகன்று போனார்கள்.

தாமே சூட்டிய பெயரும் இறைவன் சூட்டிய பெயரும்

அதன் பின் அம்மையார் தம்மைக் காரைக்கால் பேய் என்றே அழைத்துக்கொண்டார். பாடல்களின் முடிவில் அவர் பதித்த பெயர் இதுவே. பேய் என்றவுடன் எமக்கு இன்று பயமும் ஏச்சும் நினைவுக்கு வரும். அம்மையாருக்கு அது சுடலையில் ஆடுகின்ற பெருமானைச் சூழ்ந்து நிற்கும் கணங்களில் ஒன்றாக இருக்கும் பேறு. சுந்தரமூர்த்தி நாயனாரும் திருத்தொண்டத் தொகையில் அவரைப் பேயார் என்றுதான் மரியாதையுடன் குறித்தார்.

பின்பு அம்மையார் கயிலைக்குப் போனார். இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையினால் நடந்தார். அந்த உருவத்தைக் கண்ட உமாதேவியார் இது யார் என்று வினவினார். எம்மைப் பேணும் அம்மை என்று இறைவன் விடையளித்தார். பிறகு அவரை அம்மையே என்று அழைத்தார். அம்மையார் அப்பா என்று அவர் காலில் விழுந்தார்.

தாயும் தகப்பனும் இல்லாதவன் சிவன் என்பது எமது சமயத்தின் அடிப்படை. அப்படிப்பட்டவன் ஒரு பெண்ணை அம்மா என்று அழைத்தான் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் உச்சம். அம்மையார் வேண்டியவை சில. குறையாத அன்பு வேண்டும். இனிப் பிறவாமை வேண்டும். பிறந்தாலும் உன்னை மறவாமை வேண்டும். நீ ஆடும்போது உன் அடியின் கீழிருந்து பாட வேண்டும். திருவாலங்காட்டுக்குப் போய் அங்கே தனது நடனத்தைக் கண்டு பாடியிருக்கும்படி இறைவன் அருளினான். அங்கும் தலையால் நடந்தே அம்மையார் போய்ச் சேர்ந்தார். இன்றைய தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள இத்தலம் பஞ்ச சபைகளில் இரத்தின சபையாகும். அம்மையார் தலையால் நடந்த ஊர் என்பதால் அதை மிதிக்க அஞ்சித் திருஞானசம்பந்தர் முதலில் வெளியே தங்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

அவர் விட்டுச் சென்றவை

அம்மையார் சம்பந்தருக்கு முந்தியவர். ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. பதினோராம் திருமுறையில் அவர் பாடிய நான்கு நூல்கள் உள்ளன. அற்புதத் திருவந்தாதி 101 பாடல், திருவிரட்டை மணிமாலை 20 பாடல், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, தலா 11 பாடல். மொத்தம் 143. தேவாரப் பதிகங்களுக்கு முந்தியவை என்பதால் அவை மூத்த திருப்பதிகம் எனப்பட்டன. ஒன்று நட்டபாடைப் பண், மற்றது இந்தளப் பண். பின்னாளில் மூவர் பாடிய பதிக வழிக்கு முன்னே நின்றவர் வீட்டை இழந்த இந்தப் பெண்மணி.

அறுபத்துமூன்று நாயன்மாரில் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். கம்போடியாவில் 967ஆம் ஆண்டில் எழுந்த பந்தே சிரே கோயிலிலும், பதினோராம் நூற்றாண்டுக் கங்கைகொண்ட சோழபுரத்திலும் ஆடும் சிவனின் காலடியில் அம்மையார் அமர்ந்திருக்கிறார். எங்கள் நாட்டில் பொலன்னறுவைச் சிவாலயத்திலிருந்து கிடைத்த அவருடைய செப்புத் திருமேனி கொழும்பு நூதனசாலையில் உள்ளது. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலையிலும் சோழர் காலத்துத் திருமேனி ஒன்று, கையில் தாளத்துடன் இருக்கிறது. காரைக்காலில் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. வீட்டு மாடிகளிலிருந்து அடியார்கள் மாம்பழங்களை இறைப்பார்கள். 1973இல் ஏ. பி. நாகராஜன் இயக்கிய படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாராக நடித்தார்.

இவை யாவற்றிலும் நிலைத்திருப்பது அம்மையார், பேயார் என்ற பெயர்களே. ஒன்று இறைவன் கொடுத்தது. மற்றது தானே எடுத்துக்கொண்டது. தாய் தகப்பன் வைத்த புனிதவதி என்ற பெயரை அவர் அந்தச் சோலையிலேயே விட்டுப் போனார். அதனால்தான் அவருடைய பாடல்களில் அதனைக் காணோம். ஆனால் எமது சனங்கள் அதனைப் பொறுக்கி எடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெண் பிள்ளைகளுக்குச் சூட்டி வந்தார்கள். எனது பாட்டனும் அப்படியே அம்மாவுக்குச் சூட்டினார்.

முடிவாக

இந்தச் சரித்திரத்தை நான் மகளுக்கு நான்கைந்து மாலைகளில் சொன்னேன். பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்ற சுயநலத்தோடுதான் தொடங்கினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சொல்லிக்கொண்டு போகும்போது ஒரு சங்கடம் வந்தது. பெற்றவர் வைத்த பெயரை விட்டுத் தன் பெயரைத் தானே எடுத்துக்கொண்டவர் அல்லவா அம்மையார்? அவரைக் காட்டி, நீ பெயரை மாற்றாதே என்று எப்படிச் சொல்வது? ஆகவே நான் அப்படிச் சொல்லவில்லை. முடிவை அவளிடமே விட்டேன். எதை விடுகிறோம் என்று தெரிந்து விடலாம், தெரியாமல் விடக்கூடாது. இதைத்தான் அவளிடம் சொன்னேன். இம்மலரைப் படிக்கும் பெற்றோருக்கும் எனது பணிவான வேண்டுகோள் இதுவே. உங்கள் பிள்ளைகளின் பெயர்களுக்குப் பொருளும் கதையும் இருந்தால், அவர்கள் கேட்க முன்னரே சொல்லிவிடுங்கள்.

கதை முடிந்த அன்று மகள் கேட்டது அம்மையாரைப் பற்றி அல்ல. அந்தச் சோலையில் நின்ற சின்னப் புனிதவதிக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள். பெரியபுராணத்தை மீண்டும் புரட்டினேன். சேக்கிழார் அந்தக் குழந்தையைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்களின் பெயரை வாங்கிக்கொண்டு, நடந்தது ஒன்றும் விளங்காமல், அறியாத ஊர்ச் சோலையில் நின்ற பிள்ளை அவள். எமது பிள்ளைகளும் ஏறத்தாழ அப்படித்தான் நிற்கிறார்கள்.

படிவம் இன்னமும் எங்கள் மேசை லாச்சியில் இருக்கிறது. அதில் பெயர் எழுதும் இடம் நிரப்பப்படவில்லை. வருகிற குருபூசை அன்று மாம்பழத் தட்டைத் தானே சுவாமிக்கு முன் கொண்டுபோய் வைக்கப் போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். அர்ச்சனைச் சீட்டில் பெயரை முழுமையாக எழுதும்படி நான் சொல்லவில்லை. அவள் எதை எழுதினாலும் அந்தப் பெயருக்கு அர்ச்சனை நடக்கும்.

எல்லோருக்கும் அம்மையாரின் அருள் கிடைப்பதாக.